சந்தனம் வைத்த கேம் பெட்டி

நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்குப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் கல்லூரிப் பிள்ளைகள் முழுப் புத்தகங்களாகவே கொண்டுவருவார்கள். ஒருவர் வாங்கிய புத்தகம் ஒரு வகுப்புக்கே போதும். அட்டையைத் திருப்பினால், இந்தப் புத்தகத்தின் எந்தப் பகுதியையும் அனுமதியில்லாமல் நகலெடுக்கக் கூடாது என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கும். நான் முதலில் நகலெடுப்பது அந்தப் பக்கத்தைத்தான். அதை விட்டுவிட்டால் பைண்டிங்கில் பக்க வரிசை குழம்பிவிடும். பல வருடங்களாக இப்படித்தான் எடுத்துவருகிறேன். அந்த வரியை யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்று யோசித்ததில்லை. என் தம்பியின் கேம் பெட்டி பூட்டப்பட்ட பிறகுதான் அதை நின்று படிக்க ஆரம்பித்தேன்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. கல்யாணமும் கூடி வரவில்லை. புது ஆட்கள் முன்னால் நின்றால் வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். கடையில் அது குறையாகத் தெரிவதில்லை. எத்தனை காப்பி, ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்று கேட்டால் போதும், மிச்சத்தை மிஷின் பார்த்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் பேச்சு முழுவதும் தம்பியின் பங்கு.

அவன் எனக்கு நிறைய வருடம் இளையவன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவனுக்குத் தசைகள் வலுவிழக்கும் நோய் வந்துவிட்டது. முதலில் படியேறத் தடுமாறினான். அப்புறம் கைத்தடி. அப்புறம் சக்கர நாற்காலி. மருந்து கிடையாது, மெதுவாகத்தான் கூடும் என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். மெதுவாக என்பதை ஆறுதலாகச் சொன்னார்கள் என்றுதான் அன்றைக்கு நானும் அம்மாவும் எடுத்துக்கொண்டோம். செல்லூரில் எங்கள் சந்து, நாற்காலி போனால் எதிரே சைக்கிள் வர முடியாத சந்து. அதனால் அவன் பெரும்பாலும் ஜன்னலோரத்தில்தான் இருப்பான். எதிர்வீட்டில் விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியதால் அவன் குரல் மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் கணீரென்று இருக்கும்.

அவனுக்கு ஒரே ஒரு சிநேகிதன். பன்னிரண்டாவது வரை ஒரே பெஞ்சு. தம்பியால் படியேற முடியாமல் போன வருடம், வகுப்பு மாடியில் இருந்ததால், தினமும் அவனை முதுகில் சுமந்து ஏற்றி இறக்கியவன் அந்தப் பையன்தான். பிறகு ஏசி மெக்கானிக் வேலை படித்துக் கத்தாருக்குப் போனான். கோச்சடையில் வீடு கட்டினான், கல்யாணம் செய்தான். ஒரு லீவில் வந்தபோது கையடக்கமான கேம் பெட்டி ஒன்றைத் தம்பிக்குக் கொண்டுவந்து கொடுத்தான். நடுவில் திரை, இரண்டு பக்கமும் கழற்றி மாட்டக்கூடிய பட்டன் துண்டுகள். மேலே ஒரு சின்னத் துவாரத்தில் நகம் அளவு கார்டைச் சொருகினால் விளையாட்டு வரும். அவன் கொடுத்தது ஒரே கார்டு. கார் பந்தயம். அதே போல ஒன்றை அவனும் வாங்கி வைத்துக்கொண்டான்.

அங்கே அவனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் தம்பி முகம் கழுவிப் பவுடர் போடச் சொல்லி உட்கார்ந்துவிடுவான். யாரும் அவன் முகத்தைப் பார்க்கப் போவதில்லை, போனில் வெறும் குரல்தான். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, பெட்டியை நெட்டில் இணைத்து, செல்லூரிலிருந்து இவனும் கத்தாரிலிருந்து அவனும் ஒரே ரோட்டில் கார் ஓட்டுவார்கள்.

"மாப்ள, வளைவுல பிரேக்கப் புடிடா. அது காருடா, மாட்டுத்தாவணி ஷேர் ஆட்டோ இல்ல" என்பான் சிநேகிதன்.

"நீ எனக்குப் பின்னாடி வந்துக்கிட்டே எனக்கு டிரைவிங் சொல்லித் தர்றியாக்கும்."

"பின்னாடி வந்தாத்தான்டா உன் லட்சணம் நல்லாத் தெரியுது."

இடையிடையே வேறு பேச்சும் வரும். அவன் மேஸ்திரியோடு சண்டை போட்டது, அவன் மகளுக்குக் காது குத்தியது, இவனுக்கு ஆஸ்பத்திரியில் சொன்னது. எல்லாம் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே. "நுரையீரல்ல கொஞ்சம் காத்து கம்மியாப் போகுதாம்டா" என்று தம்பி ஒருநாள் சொன்னான். "ம்" என்றான் அவன். "இந்தத் திருப்பத்துல நீ உள்பக்கமா வா, நான் வழி விடுறேன்" என்றான். அவ்வளவுதான். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கைவேலை ஓடவில்லை.

பிறகு தம்பியின் விரல்கள் தளர ஆரம்பித்தன. வலது கட்டைவிரல் பட்டனை அழுத்தும், ஆனால் நினைத்த நேரத்துக்கு அழுத்தாது. கார் வளைவைத் தாண்டிப் புல்லில் போய் நிற்கும். அந்த நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை, நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிநேகிதனின் சிவப்புக் கார் முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஓரமாக நின்றிருந்தது.

"ஏன்டா நிக்கிற, பஸ்ஸு வரணுமா?" என்றான் தம்பி.

"பஞ்சர்டா மாப்ள."

"கேமுல ஏதுடா பஞ்சர்."

தம்பியின் மஞ்சள் கார் மெதுவாகப் போய்க் கோட்டைத் தாண்டியது. ஜெயித்துவிட்டதாகத் திரையில் எழுத்து வந்தது. போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "காபி போடவா?" என்றேன். "அவன் நிக்கிறான்க்கா. கொஞ்ச நாளாவே நிக்கிறான்" என்றான். ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமை பவுடர் போட்டுக்கொண்டான்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் உழைக்கிற சாமான் எதுவும் அன்றைக்குப் பொட்டில்லாமல் இருக்கக் கூடாது. கிரைண்டர், கேஸ் அடுப்பு, என் கத்தரிக்கோல், தம்பியின் நாற்காலி, எல்லோருடைய போன், எல்லாவற்றுக்கும் அம்மா சந்தனம் குங்குமம் வைப்பாள். பன்னீர் விட்டுக் கரைத்ததால் சந்தனம் அந்தத் தடவை நீர்க்க இருந்தது. கேம் பெட்டியைத் துடைத்து நிறுத்திவைத்து அதன் உச்சியில் தாராளமாக ஒரு பொட்டு வைத்தாள். கார்டு சொருகும் துவாரம் அங்கேதான் இருந்தது. மூடி சரியாக மூடவில்லை. மறுநாள் காலை சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்துபோயிருந்தது. கார்டைப் போட்டால் பெட்டிக்குத் தெரியவில்லை.

"அம்மா, கரண்டு சாமானுக்கு உள்ளயா பொட்டு வைப்பாங்க?" என்றான் தம்பி.

"உன் வண்டிக்கும்தான் வச்சேன். அது உருளலையா?"

"அதுக்கு வாய் இல்லம்மா. இதுக்கு வாய்ல போயி அப்பி வச்சிருக்க."

டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு காம்ப்ளக்ஸ் மாடியில் கேம் பெட்டி ரிப்பேர் செய்கிற கடை ஒன்று இருந்தது. நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர், நெற்றியில் லைட் மாட்டிக்கொண்டு குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். யார் விளையாடுவது என்று கேட்டார். சொல்ல வேண்டியதாகிவிட்டது. தம்பி, நாற்காலியில் இருக்கிறான், வெளியே போக முடியாது என்று மூன்று துண்டாகச் சொன்னேன். அவர் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சொன்ன நாளில் போனபோது அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, டீ ஊத்துனது, கோக் ஊத்துனது, எறும்பு கூடு கட்டுனது எல்லாம் இந்தக் கடைக்கு வந்திருக்கு. சந்தனம் இதுதான் மொதத் தடவை. தொறந்தா கோயிலுக்குள்ள போன மாதிரி மணக்குது. சுத்தமா எடுத்தாச்சு."

நான் பர்ஸைத் திறந்தேன்.

"இருங்கக்கா, இன்னொண்ணு இருக்கு. தம்பி வெளிய போக முடியாதுன்னு சொன்னீங்கல்ல, மனசு கேக்கல. இது பழைய மாடல், ஈசியா ஜெயில்பிரேக் பண்ணிரலாம், கம்பெனி போட்ட பூட்டை உடைக்கிறது. பண்ணி, என்கிட்ட இருக்க அம்புட்டு கேமையும் ஏத்தி விட்டுட்டேன். இனிமே கார்டே போட வேணாம். ஆயுசு பூரா விளையாடலாம். அதுக்கு எதுவும் தர வேணாம்க்கா. கொசுறுன்னு வச்சுக்கங்க."

எங்கள் ஊரில் காய் வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை, பூ வாங்கினால் ஒரு விரற்கடை கூடுதல் என்று ஏதாவது வந்து சேரும். கேட்காமல் வருவதுதான் கொசுறு. வேண்டாம் என்றால் கொடுப்பவர் முகம் வாடிவிடும். அதோடு, வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. நான் சிரித்து, நன்றி சொல்லி, பெட்டியை முந்தானையில் மூடி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் தம்பி திறந்து பார்த்தான். திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள், கீழே தள்ளத் தள்ள முடியவே இல்லை. "என்னக்கா இது, பந்தியில மொத்தப் பலகாரத்தையும் ஒரே இலையில கொட்டுன மாதிரி இருக்கு" என்றான். ஒன்றிரண்டைத் திறந்து பார்த்து மூடினான். கார் பந்தயம் இருக்கிறதா என்று தேடினான். இருந்தது. பெட்டியை யாரும் நெட்டில் இணைக்காதபடி கடைக்காரர் ஏரோப்ளேன் மோடில் வைத்திருந்தார். ஏதோ தெரியாமல் கை பட்டிருக்கும் என்று நினைத்து, வெள்ளிக்கிழமை வந்ததும் தம்பி முதல் வேலையாக அதை எடுத்துவிட்டான். அன்றைக்கு எதுவும் ஆகவில்லை. இரண்டு பேரும் வழக்கம்போல் ஓட்டினார்கள். சந்தனக் கதையைக் கேட்டுச் சிநேகிதன் இருமும்வரை சிரித்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது, வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லை. தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தம்பியின் மடியில் பெட்டி இருந்தது. மேசையில் போன்.

"மாப்ள, வாரியா இல்லையா? நான் கோட்டுல வந்து நின்னுக்கிட்டிருக்கேன்" என்றது போன்.

"இருடா. வாரேன்."

திரையைப் பார்த்தேன். வெள்ளைப் பின்னணியில் இங்கிலீஷில் இரண்டு வரி. ஜெராக்ஸ் கடையில் இங்கிலீஷ் எழுத்துகளோடு பழகியவள் என்பதால் எழுத்துக் கூட்டிப் படித்தேன். இந்தப் பெட்டியிலிருந்து ஆன்லைன் சேவைகளைப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டிருக்கிறது. கீழே 'சரி' என்று ஒரு பட்டன். வேறு பட்டன் இல்லை. தம்பி அதை அழுத்துவான், மறுபடி முயற்சி செய்வான், மறுபடி அதே இரண்டு வரி வரும். அவன் கட்டைவிரல் சோர்ந்து போகும்வரை அழுத்தினான். பிறகு, "மாப்ள, இன்னைக்கு நீ போயி உன் சம்சாரத்துக்குப் போன் பண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டான்.

மறுநாள் நான் மறுபடி அந்த மாடி ஏறினேன். இந்தத் தடவை எனக்குப் பேச்சு வந்தது. நடந்ததைச் சொன்னேன். கடைக்காரர் நெற்றி லைட்டைக் கழற்றினார்.

"ஆன்லைன் போனாரா? அக்கா, நம்ம கடைக்கு வர்றவன் எவனும் ஆன்லைன் போக மாட்டான். ஓசி கேமுக்குத்தான் வர்றாங்க. நெட்டை அமத்தித்தான குடுத்தேன்."

"அவனுக்கு அது ஒண்ணுதான். வெள்ளிக்கிழமை சிநேகிதனோட ஓட்டுவான்."

அவர் பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"ஏத்துனதை எல்லாம் அழிச்சுட்டு, முன்ன இருந்த மாதிரி ஆக்கிக் குடுங்க தம்பி."

"அழிக்கலாம்க்கா. இப்பவே அழிச்சுத் தாரேன். ஆனா பிரயோஜனம் இல்ல. பெட்டிக்குள்ள அதுக்குன்னு ஒரு நம்பர் இருக்கு. காப்பி கேம் ஏத்துனது தெரிஞ்சதும் கம்பெனி அந்த நம்பரை நிறுத்தி வச்சிருச்சு. அழிச்சாலும் நம்பர் அதேதான். பெட்டி ஓடும், ஆனா வாசலத் தாண்டாது."

"கம்பெனிக்கு எழுதிப் பாக்கலாமா?"

"பாருங்க. என்னன்னு எழுதுவீங்க? கேக்காமலே ஒருத்தன் போட்டு விட்டுட்டான்னு எழுதுனா நம்புவாங்களா? எல்லாரும் அதையேதான் எழுதுவாங்க."

வேண்டாம் என்று நான் சொல்லியும், சந்தனம் எடுத்ததற்கு வாங்கிய பணத்தை என் கையில் திணித்தார். அவர் கண்ணை நிமிர்த்தவே இல்லை. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் அவரோடு சண்டை போட்டிருக்கலாம்.

அம்மா மட்டும் கம்பெனியைத் திட்டித் தீர்த்தாள். "காசு குடுத்து வாங்குன சாமான். அவன் யாரு பூட்டுறதுக்கு? நாம என்ன திருடவா செஞ்சோம்?"

"திருடல. ஆனா திருட்டுச் சாமான் நம்ம வீட்டுலதானம்மா இருக்கு" என்றான் தம்பி. "ஒரு கேம் பண்ண எம்புட்டுப் பேரு வருசக்கணக்கா உக்காந்திருப்பான். எதிர்வீட்டுத் தறியில புதுசா ஒரு சேலை பார்டர் போட்டா அடுத்த வாரமே அடுத்த சந்துல அதே பார்டர் ஓடுதுன்னு அந்தத் தறிக்கார அண்ணே தலையில அடிச்சுக்கிறாருல்ல. அது மாதிரிதான். பூட்டுனது தப்பில்ல. பூட்டுக்கு ஆளு தெரியாது, அம்புட்டுத்தான்."

அவன் அப்படிச் சொன்னது எனக்கு வருத்தத்தைத்தான் கூட்டியது. கோபப்பட்டிருந்தால் தேவலை. திங்கட்கிழமை கடையில் ஒரு பெண் தடிமனான புத்தகத்தைக் கொண்டுவந்தாள். நகலெடுக்கக் கூடாது என்ற பக்கத்தைக் கண்ணாடிமேல் வைத்து மூடியை இறக்கினேன். வெளிச்சம் ஓடியது. அதை எழுதியவர் தன் புத்தகத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தானே எழுதியிருப்பார் என்று அன்றைக்கு முதல் தடவையாகத் தோன்றியது. அந்தப் பெண்ணின் கைப்பை வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்ததையும் பார்த்தேன். யார் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

வெள்ளிக்கிழமைகளில் சிநேகிதன் போன் செய்வதை நிறுத்தவில்லை. லீவில் வரும்போது புதுப் பெட்டி கொண்டுவருகிறேன் என்று சொன்னான். ஆனால் கார் ஓடாததால் பேச்சும் ஓடவில்லை.

"சாப்ட்டியாடா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. அங்க மழையா?"

"லேசா."

"ம்."

பள்ளிக்கூடத்திலிருந்து பழகியவர்கள். ஒருவன் இன்னொருவனை முதுகில் சுமந்திருக்கிறான். ஆனால் கை சும்மா இருந்தால் இருவருக்கும் வாய் வருவதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. என் கூச்சம் எனக்குத் தெரியும். தம்பிக்கும் அது உண்டு என்று நான் நினைத்ததே இல்லை. அவனுடைய கேலியும் கணீர்க் குரலும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவனுடையவை. எதிரே ஒன்றும் இல்லாமல் சிநேகிதனோடு மட்டும் பேச நேர்ந்தபோது அவனும் என்னைப் போலத்தான் இருந்தான். போன் பேசும் நேரம் வாரா வாரம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு வாரம் அழைப்பு வரவில்லை. தம்பி பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சம்சாரத்துக்குக் காய்ச்சல், அதனால் மறந்துவிட்டேன் என்று மறுநாள் சொன்னான் அவன். தம்பி பரவாயில்லை என்றான். அதற்கடுத்த வாரம் பவுடர் கேட்கவில்லை.

மார்கழியில் ஒருநாள் காலை, கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். தம்பி பெட்டியை நோண்டிக்கொண்டிருந்தான். ஜெயில்பிரேக் செய்த பெட்டியில் கம்பெனி வைக்காத சில வசதிகள் இருந்தன. அதில் ஒன்று விளையாட்டின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்வது. அவன் குறைத்துப் பார்த்திருக்கிறான். எப்போதும் கீச்சென்று கேட்கும் கார் சத்தம் அன்றைக்கு அடித்தொண்டையில் உறுமுவது போல் இருந்தது. ரோடு நிதானமாக வந்துகொண்டிருந்தது. மரங்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. வளைவு வருகிறது என்று தம்பி பார்த்து, நினைத்து, விரலுக்குச் சொல்லி, விரல் அதைக் கேட்டு அழுத்துவதற்கு நேரம் இருந்தது. கார் வளைவில் அழகாகத் திரும்பியது. புல்லைத் தொடவே இல்லை.

முழுச் சுற்றையும் ஓட்டி முடித்தான். நான் கோலமாவுக் கையோடு நின்றிருந்தேன்.

"அக்கா, என் வேகம் இதுதான் போல" என்றான். குரல் சின்னதாக இருந்தது.

சாதாரணப் பெட்டியில் அந்த வசதி கிடையாது. ஒருவர் மட்டும் வேகத்தை மாற்றினால் ஆன்லைனில் எல்லோருக்கும் ஆட்டம் கெட்டுப்போகும், அதனால்தான் இதையெல்லாம் உள்ளே விடுவதில்லை என்று அவனே எனக்கு விளக்கினான். ஆக, வாசல் திறந்திருக்கும் பெட்டியில் அவன் விரல் எட்டாது. விரல் எட்டுகிற பெட்டிக்கு வாசல் கிடையாது.

பொங்கலுக்குச் சிநேகிதன் லீவில் வந்தான். கோச்சடையிலிருந்து பைக்கில், கையில் புதுப் பெட்டியோடு, சந்துமுனையிலேயே குரல் கொடுத்துக்கொண்டு வந்தான். உள்ளே நுழைந்ததும் தம்பியைப் பார்த்து ஒரு நொடி நின்றான். போனில் தெரியாத இளைப்பு நேரில் தெரிந்திருக்கும். உடனே முகத்தை மாற்றிக்கொண்டான்.

"இந்தா மாப்ள. இதையாவது உங்கம்மா கைக்கு எட்டாத இடத்துல வை."

"ஏன்டா, உன் கல்யாணத்துக்கும் நான்தான்டா சந்தனம் பூசுனேன். உன் வண்டி ஓடலையா?" என்றாள் அம்மா.

"ஓடுதும்மா. ரிவர்ஸ்லதான் ஓடுது."

தம்பி புதுப் பெட்டியைப் பிரிக்க விடவில்லை. பழைய பெட்டியை எடுக்கச் சொன்னான். இரண்டு பக்கப் பட்டன் துண்டுகளையும் கழற்றி ஒன்றை அவன் கையில் கொடுத்து, ஒன்றைத் தான் வைத்துக்கொண்டான். திரையை மேசையில் சாய்த்து வைத்தேன். ஒரே பெட்டியில் இரண்டு பேர் விளையாடுவதற்கு நெட் தேவையில்லை. இத்தனை வருடத்தில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடியதே இல்லை. லீவில் வந்தால் அவனுக்கு ஊர்வேலை இருக்கும், ஒரு காபியோடு போய்விடுவான்.

தம்பி வேகத்தைக் குறைத்தான். பந்தயம் ஆரம்பித்தது.

"என்னடா இது, சாமி ஊர்வலம் மாதிரி போகுது?"

"ஓட்டுறா, பேசாம."

சிநேகிதனால் அந்த வேகத்துக்கு நிதானமாக இருக்க முடியவில்லை. வளைவு வருமுன்னே திருப்பிவிட்டான். சிவப்புக் கார் சுவரில் முட்டியது. திருப்பி எடுத்தான், மறுபடி முட்டினான். மஞ்சள் கார் அவனைத் தாண்டிப் போனது.

"டேய், இது பிராடுடா. நீ நாள்கணக்கா இதுலயே பழகிட்ட."

"நீயும் பழகு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

இரண்டாவது ஆட்டத்தில் அவன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். பற்களைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். அவன் நிற்கவில்லை, விட்டுக்கொடுக்கவில்லை, பஞ்சர் ஆகவில்லை. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் எனக்குத் தெரியும். அவன் நிஜமாகவே ஜெயிக்கப் பார்த்தான். முடிவுக் கோட்டுக்கு முன்னால் இரண்டு காரும் ஒட்டிப் போயின. தம்பிதான் ஜெயித்தான்.

"போடா" என்று சிநேகிதன் பட்டனைக் கட்டிலில் எறிந்தான். உண்மையான எரிச்சலோடு எறிந்தான். தம்பி அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் எப்போது பார்த்தேன் என்று ஞாபகமில்லை.

அந்த லீவு முழுக்க அவன் தினமும் வந்தான். கிளம்புகிற நாளில் புதுப் பெட்டியைப் பற்றிப் பேச்சு வந்தது.

"பிரிச்சு வச்சுட்டுப் போறேன்டா. வெள்ளிக்கிழமை பழையபடி ஓட்டலாம்."

"வேணாம்டா. அதுல நீ எனக்காக நிப்ப."

சிநேகிதன் தரையைப் பார்த்தான். "நான் எப்படா நின்னேன்?"

"பஞ்சர்" என்றான் தம்பி.

எதிர்வீட்டுத் தறி கொஞ்ச நேரம் ஓடி நின்றது. நூல் அறுந்திருக்கும்.

"நீ அங்க உன் பொட்டியில ஓட்டு, நான் இங்க என் பொட்டியில ஓட்டுறேன்" என்றான் தம்பி. "ஒரே ரோடு, ஒரே நேரம். நெட்டு வேணாம். போன் மட்டும் இருக்கட்டும்."

"அப்ப யாரு ஜெயிச்சான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அடுத்த லீவுல வந்து தெரிஞ்சுக்க."

புதுப் பெட்டியைத் திரும்ப எடுத்துப் போகச் சிநேகிதன் மறுத்துவிட்டான். பீரோவுக்கு மேலே அட்டைப்பெட்டியாகவே இருக்கிறது. அடுத்த ஆயுத பூஜைக்கு அம்மா அந்த அட்டைக்குப் பொட்டு வைத்தாள். பழைய பெட்டிக்கு நான் வைத்தேன், முதுகுப் பக்கம், துளி சந்தனம்.

தம்பியின் வலது கட்டைவிரல் இப்போது எழும்புவதில்லை. ஆள்காட்டி விரலின் பக்கவாட்டால் அழுத்துகிறான். வேகத்தை இன்னும் ஒரு படி குறைத்திருக்கிறான். எத்தனை படி மிச்சமிருக்கிறது என்று நான் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்கிறான். போன் ஸ்பீக்கரில் இருக்கிறது. இரண்டு பேரும் ஒன்றாக ரெடி சொல்கிறார்கள். பிறகு அங்கிருந்து ஒரு கார் கீச்சென்று கேட்கிறது, இங்கே ஒரு கார் உறுமுகிறது. இவன் ஒரு சுற்று முடிப்பதற்குள் அவன் இரண்டு மூன்று சுற்று முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறான். அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. மற்றதெல்லாம் பேசுகிறார்கள்.

"மகளுக்கு மொதப் பல்லு விழுந்துருச்சுடா மாப்ள."

"எங்க போட்டீங்க?"

"கூரை ஏதுடா, மாடி வீடு. மொட்டமாடியில போட்டா என் சம்சாரம். இப்ப எங்க இருக்க நீ?"

"பாலத்துக்கிட்ட வந்துட்டேன்."

"நல்லா வா. நான் இருக்கேன்."